ரூபாவுக்காக நான் பண்ணின ஜெபம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

சாயந்திர ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா எங்கள் பெண்கள் சங்கத்தில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் முடியும்வரை நாளுக்கு ஒரு நன்றி எழுத வேண்டுமாம். "சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல, எழுதுங்க" என்றார்கள். எனக்கு எழுத விஷயமா இல்லை? முப்பது வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறினதில்லை. சங்கத்தில் யாருக்கு ஜெபிக்க வேண்டுமானாலும் "எப்சிபாக்காவக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நன்றி: தையல் மெஷின் மக்கர் பண்ணாமல் ஓடுகிறது. பெரிய வெள்ளிக்கு வெள்ளை ஜாக்கெட் மட்டும் இருபத்தாறு வந்து கிடக்கிறது.

பிப்ரவரி 23, வியாழன்

சாயந்திரம் வழக்கம்போல ரூபா வந்தாள். ரூபாவதி என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்த தங்கச்சி, ரெண்டு தெரு தள்ளி வீடு. நான் தைக்கத் தைக்க அவள் ஹெம்மிங் பண்ணி ஹூக் வைத்துக் கொடுப்பாள். வாய் ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும். அவள் வீட்டுக்காரர் தவறின பிறகு எட்டு வருஷமாக இப்படித்தான்.

இன்றைக்கு வாய் ஓடவில்லை. ரெண்டு ஹூக் வைத்தாள், மூன்றாவதில் அழுதுவிட்டாள். அவள் மகன் தயாளன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று போன மாசம் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாளே, அது பொய்யாம். குடி முற்றிப்போய்த் தென்காசிப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்திருக்கிறாள். "மைனி, அண்ணனுக்கும் உங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். வேற ஒரு குஞ்சுக்குத் தெரியக்கூடாது" என்றாள். யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன்.

போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள். அது கிடக்கட்டும்.

நன்றி: எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

இன்றைக்கு லெந்து முதல் ஜெபக்கூட்டம். முடிவு ஜெபம் என்னைத்தான் பண்ணச் சொன்னார்கள். நல்ல ஊக்கமான ஜெபம், நானே சொல்லக்கூடாது. ரெண்டு மூன்று பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். "ஆண்டவரே, பெத்த பிள்ளையக் குடிக்குப் பறிகொடுத்துட்டு, வெளியூர்ல வேலை பாக்கான்னு உம்முடைய சந்நிதியில பொய்ச்சாட்சி சொல்லுற தாய்மாரை உணர்த்தும்" என்று ஜெபித்தேன். பேர் சொல்லவில்லை. ரூபா என்று ஒரு எழுத்து என் வாயில் வரவில்லை. பொதுவாகத்தான் ஜெபித்தேன். நாட்டில் எத்தனை தாய்மார் இருக்கிறார்கள்!

அந்தக் கனகாபாய் இருக்கிறாளே, ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்து ரூபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபிக்கும்போது கண்ணை மூடத் தெரியாத ஜென்மம்.

ரூபா டீ குடிக்காமல் போய்விட்டாள். தலைவலியாக இருக்கும்.

நன்றி: நல்ல கூட்டம்.

பிப்ரவரி 27, திங்கள்

ரூபா சனிக்கிழமையும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஹூக் எல்லாம் நானே வைத்தேன். நன்றி: மூக்குக்கண்ணாடி இருக்கிறது.

மார்ச் 1, புதன்

புளிக்குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்தேன். ரூபாவுக்கு என் புளிக்குழம்பு என்றால் உயிர். தூக்குச்சட்டியில் ஊற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். இவுக பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்கள், போகிற வழிதான்.

மத்தியானம் சட்டி திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, காலியாக. இருபத்தாறு வருஷத்தில் ரூபா வீட்டிலிருந்து என் சட்டி காலியாக வந்ததே கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவாள். உள்ளே கையை விட்டுக்கூடப் பார்த்தேன், கிறுக்கச்சி மாதிரி.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. சட்டியத் தந்தா" என்றார்கள்.

மார்ச் 5, ஞாயிறு

மாத முதல் ஞாயிறு, பீடத்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற இராப்போஜனம். பாஸ்டர் ஐயா வழக்கம்போல, யாரோடாவது மனத்தாங்கல் உள்ளவர்கள் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று சொன்னார்கள். எல்லோரும் வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. முட்டு வலி. முழங்கால் போட முடியாது.

ரூபாவின் இடம் காலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனகாபாய் என்னிடம் குனிந்து, "பாவம், தயாவுக்கு எப்படி இருக்காம்?" என்றாள். எனக்கு என்ன தெரியும், என்னை ஏன் கேட்கிறாய் என்று எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவுக சொன்னாக: "மாடிப்படி ஏறித் துணி காயப்போடும்போது வலிக்கல. பீடத்துக்குப் போகத்தான் முட்டு வலிக்கோ?"

இந்த மனுஷனுக்கு ஞானதுரை என்று பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8, புதன்

காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே இவுக கேட்டாக, "ஏளா, அன்னைக்கு என்னதான் ஜெபிச்ச?"

உள்ளபடி சொன்னேன். பேர் சொல்லவில்லை என்றும் சொன்னேன். கனகாபாய் கண்ணைத் திறந்து பார்த்ததையும், அவளால்தான் ஊருக்கே தெரிந்தது என்பதையும் சொன்னேன்.

இட்லியை வாயில் வைக்காமல் என்னையே பார்த்தாக. "அவ கண்ணத் திறந்திருந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

சட்னி வேண்டுமா என்று கேட்டேன். இவுக வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாக. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே ரூபா வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"வாங்க மைனி, உக்காருங்க" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எனக்கு நாற்காலி! அவள் வீட்டில் நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவள். டீயை டம்ளரில் கொடுக்காமல் விருந்தாளிக்கு எடுக்கிற பூப்போட்ட கப்பில் கொண்டுவந்தாள். வெயில் ரொம்ப இருக்கிறது என்றாள். ஆமாம் என்றேன்.

கடைசியில் பொறுக்க மாட்டாமல், "ரூபா, நான் ஜெபம்தான பண்ணினேன், அதுக்கு இப்படியா?" என்றேன். இது இல்லை நான் சொல்லிப் பார்த்தது. வாயில் இதுதான் வந்தது.

அவள் கப்பை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்காக இனிமே ஜெபிக்காதீங்க மைனி. அதுவே பெரிய உபகாரம்."

சத்தம் போடவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

மார்ச் 13, திங்கள்

நன்றி: ஒன்றும் இல்லை. கோடு போட்டு விட்டுவிடுகிறேன்.

மார்ச் 19, ஞாயிறு

இன்றைக்கு இவுக தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தயாவைப் பார்க்கப் போய்விட்டு வந்தாக. என்னைக் கூப்பிடவில்லை. கேட்கவும் இல்லை நான்.

வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தாக. பையன் மெலிந்திருக்கிறானாம், ஆனால் கண் தெளிவாக இருக்கிறதாம். கை நடுக்கம் நின்றுவிட்டதாம். எல்லாம் நல்ல சேதிதான். அப்புறம், "ஊருக்கு வரமாட்டேங்கான்" என்றாக. யாரோ சேக்காளி போனில் சொல்லிவிட்டானாம், உன் விஷயம் சபையில் ஜெபத்தில் வந்துவிட்டது என்று. "இங்க முடிஞ்சதும் இப்படியே வடக்க எங்கயாவது போயிருதேன், அந்தக் கோயில் வாசல்ல நான் எப்படி மாமா நடப்பேன்" என்றானாம்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றாமல் நின்றேன். ரூபாவுக்கு மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு பிள்ளை. அவனும் ஊரை விட்டுப் போனால் என் வாயால்தான் போவான். நான்தான் வாயைத் திறந்தேன், கனகாபாய் இல்லை.

மார்ச் 23, வியாழன்

அன்றைக்கு ரூபா போகும்போது சொன்ன வார்த்தையை எழுதிவிடுகிறேன். நான் அவளைத் தேற்றுகிறேன் என்று, "கண்டிச்சு வளத்திருந்தா இப்படி ஆயிருக்குமா" என்று சொன்னேன். அதற்கு அவள், "உங்களுக்குப் பிள்ளையா குட்டியா மைனி, இந்த வேதனை உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. ரெண்டு தடவை தங்கி, தங்காமல் போனது. ஆனால் தயா நாலு வயசு வரை என் வீட்டில்தான் தூங்கினான், ரூபா அப்போது பீடி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவன் போட்ட முதல் சட்டை நான் தைத்தது. அவனுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தது நான். என்னைப் பார்த்து எப்படிச் சொல்லப்போயிற்று!

சொன்னதற்கு நான் அங்கேயே சண்டை போட்டிருக்க வேண்டும். ரெண்டு பேரும் கத்தி, மூக்கைச் சிந்தி, மறுநாள் சரியாகிப் போயிருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. ராத்திரி முழுக்க அதைப் பொத்தி வைத்திருந்து, மறுநாள் எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடினபிறகு, அவள் எழுந்து பதில் பேச முடியாத இடத்தில் வைத்துக் குத்தினேன். ஜெபத்துக்கு நடுவில் யாரும் "நிறுத்து" என்று சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் கண்ணைத் திறந்துதான் இருந்தேன். அவள் முகம் எப்படி ஆகிறது என்று பார்த்தேன். அது வாடினபோது எனக்குத் திருப்தியாக இருந்தது.

எழுதிவிட்டேன்.

மார்ச் 26, ஞாயிறு

பாஸ்டர் ஐயா இன்றைக்கு சிலுவையில் தொங்கின கள்ளனைப் பற்றிப் பேசினார்கள். "அவன் ஒரு கூட்டத்துக்கு வந்தவனா, ஒரு காணிக்கை போட்டவனா? திருப்பிக் கொடுக்க அவன்கிட்ட கையும் இல்ல, அதையும் ஆணி அடிச்சாச்சு. அவனுக்குத்தான் முதல்ல கிடைச்சுது" என்றார்கள்.

எத்தனை வருஷமாகக் கேட்கிற பிரசங்கம். ஒவ்வொரு தடவையும் நான் அந்தக் கள்ளனைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டு வந்திருக்கிறேன், பாவம், கடைசி நேரத்திலாவது புத்தி வந்ததே என்று. என் முப்பது வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். இன்றைக்கு அதில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

நன்றி: கள்ளனுக்கு.

மார்ச் 31, வெள்ளி

கூட்டத்தில் முடிவு ஜெபத்துக்கு மறுபடியும் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துவிட்டார்கள். "கண்ணத் திறங்க, எல்லாரும் கொஞ்சம் என்னப் பாருங்க" என்றேன்.

பாஸ்டரம்மா திகைத்துப் போனார்கள். "லெந்து முதல் கூட்டத்துல நான் பண்ணினது ஜெபம் இல்ல. என்ன நம்பிச் சொன்ன ஒருத்திய, எல்லார் முன்னாலயும் வச்சுக் குத்துனேன். ஆண்டவர் பேரச் சொல்லிக் குத்துனேன். அவகிட்ட எனக்கு ஒரு கோபம், அதுக்குப் பழி வாங்குனேன். அன்னைக்கு நீங்க எல்லாரும் ஆமென் சொன்னீங்க. தயவுசெஞ்சு அந்த ஆமெனத் திருப்பி எடுத்துக்கிடுங்க" என்றேன்.

முடிவு ஜெபம் பாஸ்டரம்மா பண்ணினார்கள், ரெண்டே வரி. வெளியே செருப்பு போடும்போது கனகாபாய் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று பார்த்தால், "நானும் நாலு வீட்ல போயிச் சொன்னேன் அக்கா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

ரூபா வரவில்லை. அவள் காதுக்கு எப்படியும் போயிருக்கும்.

ஏப்ரல் 1, சனி

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பால்காரர், கேஸ்காரர், ஜாக்கெட் அளவு கொடுக்க ஒரு பிள்ளை.

ஏப்ரல் 4, செவ்வாய்

வரவில்லை. இவுககிட்டப் புலம்பினேன், இத்தனை பேருக்கு முன்னால் மானத்தை விட்டுச் சொன்னேனே, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று.

"நீ சொன்னது அவ வரணும்னா, தப்புன்னு பட்டதுனாலயா?" என்று கேட்டாக.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அதைச் சொல்லி முடித்த நிமிஷமே நான் மறுபடியும் என் கணக்கில் வரவு வைக்க ஆரம்பித்துவிட்டேன். வந்தால் வரட்டும், வராவிட்டால் அது அவள் நியாயம். நான் செய்ததற்கு இந்தத் தண்டனை கூடுதல் இல்லை.

என்றாலும் வந்தால் நல்லது ஆண்டவரே.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. கோயில் முழுக்க வெள்ளைச் சேலை, பாதிப் பேர் முதுகில் என் தையல். ரூபா கடைசி பெஞ்சில் இருந்தாள். ஆறு வாரத்துக்கு அப்புறம் கோயிலில் பார்க்கிறேன். இளைத்துவிட்டாள். நான் போய்ப் பேசவில்லை. கூட்டத்தில் வைத்து அவளை இன்னொரு தடவை எல்லோரும் பார்க்கும்படி ஆக்கவேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நன்றி: வந்திருந்தாள்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியக்காலம் ஆராதனையில் பீடத்துக்குப் போனேன். முழங்கால் போட்டேன். கையை நீட்டும்போது, கொண்டுவர என்னிடம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அப்பமும் ரசமும் எனக்கும் கொடுத்தார்கள். அழுகையாக வந்தது, யாருக்கும் தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

வெளியே வந்தால் ரூபா கேட் பக்கத்தில் நிற்கிறாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ்ஸுக்கு தயாவப் பாக்கப் போறேன்" என்றாள், செருப்பைப் பார்த்துக்கொண்டே. "அண்ணனுக்கு வேன் இருக்காம். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. வாரீகளா மைனி?"

"வாரேன்" என்றேன். ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் வாயைத் திறந்தால் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று பயம்.

ஏப்ரல் 10, திங்கள்

நோட்டில் பக்கம் தீர்ந்தது, அட்டையின் உள்பக்கத்தில் எழுதுகிறேன்.

பஸ்ஸில் போகும்போது பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். "உன்னக் கொன்னுட்டேன் ரூபா, மன்னிச்சிரு" என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நானும் உங்கள அன்னைக்குக் கொன்னுதான போட்டேன்" என்றாள். அப்புறம் கொய்யாப்பழம் வாங்கினாள், எனக்குப் பாதி கொடுத்தாள்.

இல்லத்தில் தயா வந்து எதிரே உட்கார்ந்தான். மீசையை எடுத்திருக்கிறான், சின்னப்பிள்ளை மாதிரி இருந்தது. "அத்தை" என்றான். "தப்பு என் மேலதாம்ல" என்றேன். "அம்மா போன்ல சொன்னாங்க. சபையில சொன்னீங்களாம்ல" என்றான். ஊருக்கு வருவானா என்று நான் கேட்கவில்லை. அவனாகவே, "இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, பாப்போம் அத்தை" என்றான். வரமாட்டேன் என்று சொல்லாமல் பாப்போம் என்கிறான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு மாசம் ஓட்டிவிடலாம்.

கிளம்பும்போது தயா, "ஜெபிச்சிட்டுப் போங்க" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். சின்ன வயசிலிருந்து பழக்கம் அவனுக்கு. நான் ரூபாவைப் பார்த்தேன். ரூபா என் கையையும் அவன் கையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நானும் மூடினேன், இறுக்கி மூடினேன். ரூபா ஜெபிக்கத் தொடங்கினாள். பஸ்ஸில் இடம் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னாள். பையன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று ஸ்தோத்திரம் சொன்னாள். அப்புறம் "எங்க மைனிக்காக" என்றாள். இப்போது வரும் என்று நினைத்தேன். எந்த இடத்தில் குத்த வேண்டும், எப்படிச் சுற்றிவளைத்துக் குத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு வரவேண்டியதுதான், வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து இருந்தேன்.

"எங்க மைனிக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. அவங்க முட்டு வலியச் சுகமாக்கும். ராவும் பகலும் தச்சு அவங்க கண்ணு மங்குது, அந்தக் கண்ணக் காப்பாத்தும். இந்தப் பிள்ளைக்கு அவங்க இல்லாம நான் என்ன செஞ்சிருப்பேன்னு உமக்குத் தெரியும். அவங்களுக்கு நல்ல தூக்கத்தக் குடும். ஆமென்."

அவ்வளவுதான். ஆமென் சொன்ன பிறகும் நான் காத்துக்கொண்டிருந்தேன், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கும் என்று. ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாகக் கிருபை, கிருபை என்று எத்தனை கூட்டத்தில் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். அது வந்து தலையில் கை வைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"அத்தை, ஜெபம் முடிஞ்சிட்டு" என்றான் தயா. நான் கண்ணைத் திறக்கவில்லை. ரூபா என் கையை விடவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கடையநல்லூர் தாண்டினதும் ரூபா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு, லேசாகக் குறட்டையும் விட்டுக்கொண்டு. இறங்குகிற இடம் வருவதற்குள் எனக்குத் தோள் மரத்துப்போனது. நான் அசையவில்லை.